கம்மாயும் டேங்கும்

பிளவக்கல் அணையில் தண்ணீர் திறக்கும் நாளில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து இரண்டு விதமாகச் செய்தி போகும். தமிழில் போகும் செய்தி, பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகளின் தண்ணீரால் சுமார் 40 கண்மாய்கள் பயன்பெறும் என்று சொல்லும். அதே செய்தி ஆங்கிலத்தில் வரும்போது அந்த 40 கண்மாய்களும் 40 ‘டேங்க்’ ஆகிவிடும். வத்திராயிருப்பு வட்டாரத்து விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து படிக்கிற ஒருவருக்கு அது தெரிய வழியில்லை. ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் நெல் விளைய வைக்கிற தண்ணீரை 40 தொட்டிகளில் எப்படி அடைத்தார்கள் என்று அவர் திகைத்துப் போவார்.

பிளவக்கல் அருகே உள்ள கூமாப்பட்டியை 2025 ஜூன் மாதத்துக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ஊரைத் தனித் தீவு என்று வர்ணித்து உள்ளூர் இளைஞர் போட்ட இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைதியாக இருந்த ஊருக்குக் கார்களையும் வேன்களையும் கொண்டுவந்து சேர்த்தது. வந்தவர்கள் கேட்டது டேமை. போகிற வழியில் இடமும் வலமும் கரை கட்டி நின்ற கண்மாய்களைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். உண்மையில் பிளவக்கல் அணைகள் வந்தது 1970களில்தான். பெரியாறு அணையின் உயரம் 47 அடிக்குச் சற்று மேல், கோவிலாறு அணை அதைவிட ஐந்தடி குறைவு. இரண்டுமே சிறிய அணைகள். (முல்லைப்பெரியாறு வேறு, இந்தப் பெரியாறு வேறு. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.) இவை தண்ணீரைத் தேக்கி வைத்து, தங்களுக்கு முன்பே அங்கே இருந்த கண்மாய்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. அந்த வட்டாரத்து வேளாண்மையின் முதுகெலும்பு கண்மாய். அதற்கு ஆங்கிலம் வைத்த பெயர் டேங்க்.

இப்போது கூமாப்பட்டித் தெருவில் டேங்க் என்ற சொல் எங்கெல்லாம் காதில் விழும் என்று பாருங்கள். “டேங்க்ல தண்ணி இல்ல, மோட்டாரப் போடு” என்றால் அது மொட்டை மாடிக் கறுப்பு சின்டெக்ஸ். “டேங்க் ஃபுல் பண்ணிருங்கண்ணே” என்றால் பெட்ரோல் பங்க்கில் நிற்கும் பைக். பஞ்சாயத்துக் கட்டிய மேல்நிலைத் தொட்டியும் டேங்க். கழிவறைக்குக் கீழே புதைத்திருப்பது செப்டிக் டேங்க். வரவேற்பறையில் தங்கமீன் நீந்துவது ஃபிஷ் டேங்க். ஆனால் கண்மாயை மட்டும் ஊரில் யாரும் டேங்க் என்று சொல்வதில்லை. அது கம்மாய். இன்னும் இழுத்துப் பேசினால் கம்மா. “கம்மா பெருகிருச்சு”, “கம்மாக்கரை மேல போயிரு”, “மறுகால் பாயுது” என்றுதான் பேச்சு. ஆக, கண்மாயை டேங்க் என்று எழுதுவது ஆங்கிலக் கோப்பு மட்டும்தான். தமிழர் தமிழில் பேசும்போது ஏற்றுக்கொண்ட டேங்க் தொட்டி வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதும் அரசு ஊழியரின் டேங்க் ஏரி வகையைச் சேர்ந்தது. குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. இரண்டு பொருளில் மூத்தது ஏரிதான்.

ஆங்கிலேய வணிகர்களும் பயணிகளும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தபோது, படிக்கட்டு வைத்த குளங்களையும் வெட்டிக் கரை கட்டிய நீர்நிலைகளையும் பார்த்தார்கள். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர் சேமிக்கும் இடத்துக்கு டாங்க், டாங்கே என்பது போன்ற சொற்கள் புழங்கின. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மழைநீரைச் சேமிக்க வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் கட்டுகிற தொட்டியை இன்றும் டாங்கா என்றுதான் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆங்கிலேயருக்கு நூறாண்டு முன்பே வந்துவிட்ட போர்ச்சுகீசியரின் வாயில் ‘டாங்க்கே’ என்ற சொல் இருந்தது. அதுவும் குளம்தான். அதன் மூலம் லத்தீனில், தேங்கி நிற்பது என்ற பொருளுள்ள சொல். இரண்டு ஆறுகள் கலந்த இடத்தில் எந்தத் தண்ணீர் எது என்று பிரிக்க முடியாததைப் போல, ஆங்கில டேங்க் இந்தியச் சொல்லா போர்ச்சுகீசியச் சொல்லா என்று அறிஞர்களால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே அதை நிலைநிறுத்தின என்பதே பொதுவான கருத்து.

இந்தச் சிக்கலை எழுதி வைத்தவர்களில் ஒருவருக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி 1886-இல் வெளிவந்தது. ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னெலும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. பர்னெல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். அகராதி அச்சேறும் முன்பே, 1882-இல், காலமாகிவிட்டார். டேங்க் என்ற சொல்லுக்கு அந்த அகராதியில் நீண்ட பதிவு இருக்கிறது. இந்திய வழக்கையும் போர்ச்சுகீசிய வழக்கையும் அருகருகே வைத்து அது ஆராய்கிறது.

பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்ற ஊர்ப் பெயர்களில் உள்ள ‘தாங்கல்’ நம் சொல். சிறிய ஏரியைக் குறிப்பது. டேங்குக்கும் தாங்கலுக்கும் ஒலி ஒத்துப்போவதால் ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை இது என்று சொல்ல ஆசை வரும். அகராதிகள் காட்டுகிற தடம் மேற்குக் கரையினுடையது. ஆசைக்காக அதை மாற்ற முடியாது. நிச்சயமாகத் தமிழ் கொடுத்த கொடைகள் வேறு இருக்கின்றன, அவை நீர்ப்பாசனத்திலேயே இருக்கின்றன.

மதராஸ் மாகாணத்துக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு இங்கிருந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதத் தங்கள் மொழியில் சொல் போதவில்லை. இங்கிலாந்தில் ஆண்டு முழுதும் மழை. மூன்று மாத மழையைப் பிடித்து வைத்து ஒன்பது மாதம் வாழ வேண்டிய கட்டாயம் அந்த ஊர் உழவனுக்கு இல்லை. எனவே அணைக்கட்டை அப்படியே ‘அனிகட்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆயக்கட்டு ‘அயகட்’ ஆனது. உபரி நீர் வழிந்தோடும் கலுங்கைக் ‘கலிங்குலா’ என்று பொறியியல் அறிக்கைகளில் எழுதினார்கள். அதற்கும் ஹாப்சன் ஜாப்சனில் தனிப் பதிவு உண்டு. கரைக்கு மட்டும் பாரசீக வழி வந்த ‘பண்ட்’. நீர்நிலைக்கு ஏற்கெனவே கையில் இருந்த டேங்க்.

அனிகட்டும் அயகட்டும் வந்த வேகத்தில் கண்மாயும் ஏரியும் ஏந்தலும் ஊருணியும் ஆங்கிலத்துக்குள் போயிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாக டேங்க் நின்றுவிட்டது.

எவ்வளவு பெரிய இழப்பு என்பது திருவில்லிபுத்தூரிலேயே தெரியும். ஆண்டாள் மார்கழி நீராட்டுக்கு எழுந்தருளும் திருமுக்குளம் ஆங்கிலத்தில் டேங்க். நகரை ஒட்டிய பெரியகுளம் கண்மாயும் டேங்க். முன்னது கோயிலின் தீர்த்தம், நான்கு புறமும் படித்துறை. பின்னது வயலுக்குப் பாய்கிற தண்ணீர், மூன்று பக்கம் கரை, நாலாவது பக்கம் தண்ணீர் வந்து சேரத் திறந்து கிடக்கிற நிலம். வத்திராயிருப்பில் ஒரு கண்மாய்க்கு விராகசமுத்திரம் என்று பெயர். வெட்டியவர்களுக்கு அது கடல். ஆங்கிலக் கோப்புக்கு அதுவும் டேங்க். குடிநீருக்கென்றே காப்பாற்றப்படுகிற, மாடு இறங்கக் கூடாத ஊருணியும் டேங்க்தான். நிலத்தடிக்கு நீர் இறங்குவதற்காக அரசு வெட்டுகிற கசிவுநீர்க் குட்டையும் அதேதான்.

தொட்டிக்குச் சுவர் இருக்கும், மூடி இருக்கும், இடம் மாற்றலாம், பழுதானால் புதிது வாங்கலாம். கண்மாய் அப்படியா? மலையிலிருந்தோ மேல் கண்மாயிலிருந்தோ தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அதற்கு வேண்டும். தண்ணீர் பரந்து நிற்க உள்வாய் வேண்டும். கரை, மடை, கலுங்கு, மறுகால் ஓடை, கீழே ஆயக்கட்டு, அதற்கும் கீழே அடுத்த கண்மாய். பிளவக்கல் தண்ணீர் இப்படித்தான் ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்ததற்கு இறங்குகிறது. மேல் கண்மாயின் வரத்துக்காலை ஒருவர் மண் போட்டு மேவினால் ஐந்தாவது கண்மாயின் கடைமடைக்காரர் நாற்றுப் பாவ முடியாது. தண்ணீர் முறையைப் பார்க்க நீர்பாய்ச்சி இருந்தார், கோடையில் தூர்ந்த மண்ணை வெட்டி வண்டலாக வயலுக்கு அடிக்கிற வழக்கம் இருந்தது, தண்ணீர் வற்றும்போது மீன்பாசிக் குத்தகை நடக்கும். ஒரு ஊரின் உறவும் சண்டையும் கணக்கும் சேர்ந்த இடம் அது. டேங்க் என்று எழுதும்போது பேச்சு தண்ணீர் நிற்கிற குழியோடு முடிந்துவிடுகிறது. குழி என்று ஆனபின், வற்றியிருக்கிற மாதங்களில் அதைக் காலி இடமாகப் பார்க்கவும் மனம் துணிகிறது.

இது கற்பனை அச்சம் அல்ல. சென்னையில் நடந்து முடிந்த கதை. நுங்கம்பாக்கம், மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றார்கள். 1920களில் அதன் நிலத்தில் தியாகராய நகர் எழத் தொடங்கியது. ஏரி போய்விட்டது, பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை. ஒரே ஏரி ஒரு சாலையில் டேங்க், இன்னொரு சாலையில் லேக். ஏரிக்கரைச் சாலை என்று தமிழில் எழுதியிருந்தால், அங்கே குடிவந்தவருக்கு மழைநாளில் வாசலுக்கு ஏன் தண்ணீர் வருகிறது என்பதாவது புரிந்திருக்கும்.

டேங்கும் லேக்கும் இப்படி இடம் மாறிக்கொள்வது சென்னையோடு நிற்கவில்லை. கடலூர் மாவட்டத்து வீராணம், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரால் உருவானது. பாசனத் துறையின் ஆங்கிலப் பதிவுகளில் அது வீராணம் டேங்க். சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகத் தொடங்கியபின் நாளிதழ்களில் வீராணம் லேக். செம்பரம்பாக்கத்துக்கு டேங்க், லேக், ரிசர்வாயர் என்று மூன்று பெயரும் உண்டு. ஆங்கிலத்தில் லேக் என்றால் பெரும்பாலும் இயற்கையாக அமைந்த ஏரியை நினைப்பார்கள். ரிசர்வாயர் என்றால் கட்டித் தேக்கிய நீர். பாண்ட் என்றால் சிறிய குட்டை. டேம் என்பது தண்ணீரைத் தடுக்கும் சுவர் மட்டும், உள்ளே நிற்கிற தண்ணீர் ரிசர்வாயர். நாமோ “டேம் நெறஞ்சிருச்சு” என்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆஸ்திரேலிய விவசாயியும் தன் பண்ணைக் குட்டையை டேம் என்றுதான் அழைக்கிறார். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் பேச்சுவழக்கில் ஆறாவது மைல் டேம். யாருக்கும் அதில் குழப்பமில்லை.

போர்க்களத்து டேங்க் வந்த கதை இன்னும் விசித்திரமானது. முதல் உலகப் போரின்போது, பள்ளத்தையும் முள்வேலியையும் தாண்டிச் செல்லும் இரும்பு வண்டியை இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் வில்லியம் ஃபாஸ்டர் தொழிற்சாலை ரகசியமாகச் செய்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் மெசபடோமியா பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொல்லப்பட்டது. 1915 டிசம்பரில் அதற்கு ஒரு மறைபெயர் தேவைப்பட, எர்னஸ்ட் ஸ்விண்டன் முதலிய அதிகாரிகள் டேங்க் என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி பிரான்சின் சோம் போர்முனையில் அவை முதன்முதலாக நகர்ந்தன. மறைப்பதற்காக வைத்த பெயர் உலகம் முழுதும் நிலைத்துவிட்டது. தமிழ் இங்கே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. போர் வண்டியைப் பத்திரிகைத் தமிழ் பெரும்பாலும் டாங்கி என்று எழுதுகிறது, தண்ணீருக்கு டேங்க் என்று வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை ஓர் எழுத்துத் திருத்தத்தில் உண்டாக்கிவிட்டோம். ஆவடியில் மட்டும் இது செல்லாது. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை டாங்கிகள் செய்த கனரக வாகனத் தொழிற்சாலையை ஊர்மக்கள் டேங்க் ஃபேக்டரி என்றே அழைக்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போனால் சொல் வேறு திசைகளில் ஓடியிருக்கிறது. டெக்சாஸ் மாடு வளர்ப்பவர்கள் மண் கரை போட்டுத் தேக்கிய குட்டையை இன்றும் டேங்க் என்கிறார்கள். கூமாப்பட்டிக்காரர் அங்கே போனால், சொல் புரியாவிட்டாலும் குட்டையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். நீச்சல் குளத்தையும் ஒரு காலத்தில் டேங்க் என்றார்கள். அங்கே அணிந்த நீச்சலுடையிலிருந்துதான் கையில்லாத பனியன் போன்ற ‘டேங்க் டாப்’ பெயர் பெற்றது. பங்கு விலை டேங்க் ஆனது என்று வணிகப் பக்கத்தில் வந்தால் மளமளவென்று சரிந்தது என்று பொருள். திங்க் டேங்க் என்பது கொள்கை ஆய்வு செய்யும் அமைப்பு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இவற்றை இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

ஏரி என்ற பழைய பொருள் இன்றும் உயிரோடு அன்றாடம் புழங்கும் இன்னொரு நாடு இலங்கை. மன்னாரின் கட்டுக்கரைக் குளம் ஆங்கிலத்தில் ஜயன்ட்ஸ் டேங்க். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் இரணைமடு டேங்க். வறண்ட பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்து அமைந்த குளங்களை, கிராமங்களோடு சேர்த்து, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2017-இல் உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபாக ஏற்றது. அந்தப் பெயரிலும் டேங்க் இருக்கிறது. ஆனால் அங்கே அதோடு தொடர் என்ற சொல்லும், கிராமம் என்ற சொல்லும் சேர்ந்தே நிற்கின்றன. தொட்டி என்று யாரும் தவறாகப் படிக்க முடியாதபடி இரண்டு சொற்கள் காவல் நிற்கின்றன. நல்ல வழி இது.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. இவற்றில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தன, இன்று அதிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ தண்ணீர் வந்தால் ‘சிஸ்டம் டேங்க்’. மழையை மட்டும் நம்பியிருந்தால் ‘நான் சிஸ்டம் டேங்க்’. பிளவக்கல் பாசனக் கண்மாய்கள் முதல் வகை, மானாவாரிக் கண்மாய்கள் இரண்டாம் வகை. இந்தச் சொற்கள் அரசு விளம்பரத்திலும் ஒப்பந்தப்புள்ளியிலும் வரும்போது, தன் ஊர்க் கண்மாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஆயக்கட்டுதாரருக்குத் தெரிய வேண்டாமா?

சட்டத்திலும் இந்தச் சொல்லின் எல்லை எது என்ற கேள்வி வந்திருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு அரசு 2007-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது டேங்க்ஸ். பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அப்படியானால் ஓடையும் ஒன்றியத்துக் குளமும் ஊருணியும் பாதுகாப்பு இல்லாதவையா? 2015-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு இதற்கு விடை சொன்னது. அந்தச் சட்டத்துக்குள் வராத நீர்நிலைகளையும் காக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது, முந்தைய தீர்ப்புகளின் கட்டளை நீர்த்துப் போகவில்லை என்பதே அதன் சாரம். டேங்க் என்ற சொல்லுக்குள் அடங்காததால் ஒரு குளம் அனாதையாகிவிடக் கூடாது என்று நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுகிறவர்களுக்குச் சோதனை எளிது. பக்கத்தில் பண்ட், ஸ்லூயிஸ், அயகட், ஃபார்மர் என்ற சொற்கள் இருந்தால் அது ஏரி. தென்மாவட்டமாக இருந்தால் கண்மாய் அல்லது குளம் என்றே எழுதலாம். டெம்பிள் டேங்க் என்றால் தெப்பக்குளம். ஓவர்ஹெட், செப்டிக், லிட்டர் என்று வந்தால் தொட்டி. கோவில்களையும் பாசனத்தையும் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளை இயந்திரத்திடம் கொடுத்தால் ‘பாசனத் தொட்டி’, ‘கோவில் தொட்டி’ என்று தள்ளிவிடுவது உண்டு. அதை அப்படியே அச்சில் விடுவது வாசகரை மதிக்காத செயல். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் முதல் தடவை கண்மாய் என்று ஆங்கில எழுத்திலேயே எழுதி, பாசன ஏரி என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடலாம். அனிகட் போன வழி கண்மாய்க்கும் திறந்துதான் கிடக்கிறது.

திருவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் புவியியல் பாடத்தில் டேங்க் இரிகேஷன் என்று மனப்பாடம் செய்கிறார்கள். கிணறு, கால்வாய், டேங்க் என்று மூன்று வகைப் பாசனம். கேட்டால் ஒப்பிப்பார்கள். அந்த டேங்க் பள்ளி வேனில் தினமும் கடந்து போகிற கரைதான் என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மறுகால் பாயும் நேரத்தில் ஒரு நாள் வகுப்பைக் கண்மாய்க் கரைக்கே கொண்டுபோகலாம். மடை எது, கலுங்கு எது, தண்ணீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்று கைகாட்டிச் சொல்ல, பிளவக்கல் பாசனத்து ஊர்களில் ஆயக்கட்டுதாரர் யாரைக் கேட்டாலும் முன்வருவார்.